பிம்ப்ரிக்கு வந்த வாகட் விளம்பரம்

கண்ணா,

நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்று காலைதான் வீடியோவில் எங்களைப் பார்த்தாய். அப்பாவின் பனியனில் இருந்த ஓட்டையைக்கூட விடாமல் கேலி செய்தாய். அதற்குப் பிறகும் பேனாவை எடுத்திருக்கிறேன் என்றால், போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள். நீயும் நித்யாவும் ஜெர்மனிக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். புறப்படும் முன் அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த உங்கள் புது விலாசம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதிவிடலாம் என்று தோன்றியது. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுத்துகளைப் பெரிதாகவே போடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தாலும் போதும், அவசரமில்லை.

அங்கே போனதும் புது சிம், பஸ்ஸுக்கு ஒரு ஆப், மளிகைக்கு ஒரு ஆப் என்று வரிசையாகப் போட்டிருப்பாய். ஒவ்வொன்றும் உள்ளே நுழையும்போதே, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், எனக்கே பாடமா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள். ஆனால் எது கேட்டாலும் சரி என்று அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான். கரண்ட் போன ஒரு சாயங்காலம் என் பழைய போனில் டார்ச் ஆப் ஒன்றைப் போட்டேனே, விளக்கு எரிவதற்கு முன்னாலேயே நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டது. இருட்டில் இருக்கிறேன், வேறெங்கே இருப்பேன் என்று முனகிக்கொண்டே அமுக்கினேன். ஊரின் மறுகோடியில் மகர்பட்டாவில் என் ஆபீஸ் தோழி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்; அடுத்த பத்து நாளும் எதைத் திறந்தாலும் மகர்பட்டாவில் இரண்டு படுக்கையறை வீடு, மகர்பட்டாவில் யோகா வகுப்பு, மகர்பட்டாவில் நாய்க்குட்டிக்குக் குளியல். நம் வீட்டில் நாயே கிடையாது. அப்பாவிடம் காட்டிக் காட்டிச் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்கு அது வெறும் வேடிக்கை.

வேடிக்கை நின்றுபோன கதை உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் ரிட்டயரான பிறகு உன் பழைய டேப்லெட்டைத் துடைத்து எனக்குக் கொடுத்தாய். எனக்கென்று தனிக் கணக்கு திறக்கலாம் என்று உட்கார்ந்தாய். பாஸ்வேர்டு, ஓடிபி என்று நான் அலுத்துக்கொண்டதும், உன் கணக்கிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டாய். உனக்கும் சோம்பல், எனக்கும் சோம்பல். காலைக் காப்பி முடிந்ததும் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து அதில்தான் வாரப் பத்திரிகை, சமையல் குறிப்பு எல்லாம் படிப்பேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வத்தக்குழம்பு செய்முறைக்கு நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. வாகட்டில், உங்களுக்கு மிக அருகில், கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன். இந்த வயதில் எனக்கா என்று தள்ளிவிட்டேன். மறுநாள் கர்ப்பகால சத்து மாத்திரை. அதற்கும் மறுநாள் மரத் தொட்டில், அதுவும் வாகட் கடையில். வேறு யாராவது இருந்தால் கவனித்திருக்க மாட்டார்கள். நானோ முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் கடிதங்களை ஏரியா வாரியாக அடுக்கிப் போட்டவள். விலாசத்தைப் பார்க்காமல் என் கண் எதையும் தாண்டாது. நான் உட்கார்ந்திருப்பது நம் பிம்ப்ரி வீட்டில். இது அருகில் அருகில் என்று சொல்வது சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாகட்டை. வாகட்டில் இருப்பது யார்? நீங்கள் இருவரும்தான். டேப்லெட்டில் இருந்ததும் உன் கணக்குதான். கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் சூப்பர்வைசர், வயதான மராத்திக்காரர், ஹிந்தியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். விலாசத்தை மட்டும் படி, மற்றதெல்லாம் உனக்கு எழுதியதில்லை. அந்தக் காலத்தில் பாதிக்குப் பாதி போஸ்ட் கார்டு. எல்லாம் திறந்து கிடக்கும். ஒருமுறை நம் காலனியிலேயே ஒரு வீட்டுக்கு, பெண்ணின் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டோம் என்று பிள்ளை வீட்டார் எழுதிய கார்டு என் கையில் வந்தது. படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கண் படித்துவிட்டது. அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மாவைத் தெருவில் பார்த்தேன். கொத்தமல்லி விற்கிற விலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேனே தவிர, முகத்தில் எதையும் காட்டவில்லை. அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. இதை நான் பெருமையாக உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். தப்பான இடத்துக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல், இந்த விலாசத்தில் இல்லை என்று ஸ்டாம்ப் குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை ஆயிரம் தடவை குத்தியிருப்பேன். அந்தத் தொட்டில் விளம்பரத்தையும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். உன்னைப் போனில் கூப்பிட்டு, டேய், உன் விளம்பரமெல்லாம் எனக்கு வருகிறது, உன் கணக்கை எடுத்துவிடு என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதுதான் காரணம். உங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு தடவைகூட விசேஷம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தேனே தவிர, ஏங்காமல் இருக்கவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டிலையும் விலையையும் பார்த்தார். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவங்களா சொல்லட்டும்டி. அதுவரைக்கும் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். மறுநாள் முதல் வாரப் பத்திரிகை படிப்பதே நின்றுவிட்டது. விளம்பரம் பார்க்கத்தான் டேப்லெட்டைத் திறந்தேன். இன்று என்ன, குமட்டலுக்கு மருந்தா, அப்படியென்றால் இத்தனையாவது வாரம் என்று தினமும் விரல் விட்டு எண்ணினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட வந்தபோது பப்பாளியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. நித்யாவைக் குனிந்து ஒரு தட்டு எடுக்கவும் விடவில்லை. கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

நம் வீட்டில் மூன்றாம் மாதம் முடியும்வரை வெளியில் வாய் திறக்க மாட்டோம். ஊரில் எத்தனை பேருக்கு இதை நானே வலியச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் இரண்டு வாரம்தான் தாக்குப்பிடித்தேன். திருச்சியில் இருக்கும் உன் சித்தி போன் செய்தபோது, யாரிடமும் சொல்லாதே என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என் தங்கை. குடும்பத்தில் என்னைவிட வாய் ஓட்டை. அவள் மேல் பழியைப் போட மாட்டேன், சொன்னது நான். அன்றைக்கே மலைக்கோட்டைக்குப் போய்த் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்காமல் நித்யாவுக்கே ஒரு செய்தி அனுப்பினாள். தாயுமானவர் துணையிருப்பார், உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், சுகப்பிரசவம் ஆகும் என்று. அது நித்யாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள்.

அன்று நீ போன் செய்தபோது நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். உன் குரலில் கோபமே இல்லை. "யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று கேட்டாய். யாரும் சொல்லவில்லை, டேப்லெட்டில் விளம்பரம் வந்தது என்றேன். அப்புறம் நடந்ததைச் சொன்னாய். கடைசியில், "நான்தான் உன்கிட்ட சொல்லிட்டேன்னு நித்யா நினைக்கிறா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன்மா" என்றாய். மிக்ஸியில் பாதி அரைத்த மாவை அப்படியே விட்டுவிட்டேன். குழந்தை போன வலியோடு, புருஷன் வாக்குத் தவறிவிட்டான் என்ற வலியையும் அந்தப் பெண் சுமந்தாள் என்றால், இரண்டாவதை ஏற்றி வைத்தது நான்.

மறுநாள் வந்தாய். உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நித்யாவிடம் காட்ட வேண்டும் என்று டேப்லெட்டை எடுத்துக்கொண்டாய். இந்த இடத்தில்தான் நீ கேட்காத பாதி வருகிறது. அன்று காலை, நீ வருவதற்கு அரை மணிக்கு முன்னால், நான் அதைத் திறந்து பார்த்திருந்தேன். தொட்டில் விளம்பரம் வந்திருந்தது. இந்த வாரம் மட்டும் தள்ளுபடி, மெத்தை இலவசம். உள்ளே ஒரு குழந்தை பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கியது. நடந்தது அந்த மெஷினுக்குத் தெரியாது, அதற்கு யாரும் சொல்லவில்லை. இதைத்தான் நித்யா பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தும், வேண்டாம், காட்டாதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால், இன்றைக்கும் பார்த்தாயா என்று நீ கேட்பாயே என்று பயந்தேன். நீ லிப்டில் இறங்கிய பிறகு அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனுஷன்.

இரண்டு மாதம் நீங்கள் வரவில்லை. வாகட்டிலிருந்து பிம்ப்ரிக்கு ரிக்ஷா பிடித்தால் எவ்வளவு நேரம்? வரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு மாதத்தில்தான் நம் சொசைட்டியில் மூன்றாம் மாடிப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, அவள் ஹிந்தியில் சொல்லச் சொல்ல நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு எல்லாம் கற்றேன். எனக்கென்று தனிக் கணக்கு. மேப் பார்க்கும்போது மட்டும் இருப்பிடம், பார்த்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும். எங்கெங்கே போனோம் என்று அது சேர்த்து வைத்திருக்கும் பட்டியலை அழிப்பது எப்படி, விளம்பரத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கி இது வேண்டாம் என்று சொல்வது எப்படி, எல்லாம். என் போனில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் பல் டாக்டரிடம் போனது, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வடாபாவ் கடைக்குப் போனது, ஒன்று விடாமல் நேரத்தோடு இருந்தது. இவ்வளவையும் கேட்ட உடனே கொடுத்தவள் நான்தான். ஒரு தடவை, எதற்கு என்று திருப்பிக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஸ்கேனுக்கு நல்ல இடம் எது, மசக்கையில் என்ன சாப்பிடலாம், தொட்டில் எவ்வளவு என்று தேடியதெல்லாம் நீதான். நித்யாவின் போன் அவள் கணக்கில் இருக்கிறது, என் டேப்லெட்டில் இருந்தது உன்னுடையது. ஆசையில் தேடினாய். அப்பன் ஆகப்போகிறவன் வேறென்ன செய்வான்? ஆனால் அவள் உடம்பைப் பற்றி நீ தேடுவதும் அவள் விஷயம்தான். உன் வாயைப் பூட்டி வைத்தால் போதாது, விரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிமேல் அப்படித் தேடும்போது, தேடியது எதுவும் பதியாத ரகசிய ஜன்னல் ஒன்று இருக்கிறதாமே, அதில் தேடு. உன் கணக்கை என்னிடம் மட்டுமல்ல, எவரிடமும் விட்டு வைக்காதே, பழைய போனை விற்றாலும் சரி, ஓட்டல் டிவியில் போட்டாலும் சரி. இன்னொன்று. அவள் போனில் இன்னும் அந்த மாதிரி விளம்பரம் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. வந்தால், அவளிடம் கேட்டுக்கொண்டு, நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வேண்டாம் என்று அமுக்கிவிடு. அவளே ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அமுக்கும்படி விடாதே.

இப்போது போனில் சொல்ல முடியாததற்கு வருகிறேன். நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் இங்கே சாப்பிட வந்தீர்கள். சாப்பாடு முடிந்ததும் நீ சோபாவில் சாய்ந்துகொண்டு என் போனைக் கேட்டாய். நான் எங்கே இருக்கிறேன் என்று எப்போதும் உன் மேப்பில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகிறேன், கவலை இல்லாமல் இருப்பாய் என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். எனக்கும் கை நீளத்தான் பார்த்தது. ஆறாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அவ்வளவு தூரத்தில் பிள்ளை ஒரு நீலப் புள்ளியாகவாவது தெரிந்தால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? ஆனாலும் வேண்டாம் என்றேன். "நீ எங்க இருக்கேன்னு நீயே சொல்லு, போதும்" என்றேன். நீ தோளைக் குலுக்கிவிட்டு அப்பாவோடு கிரிக்கெட் பேசப் போய்விட்டாய். நித்யா மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்த ஏழெட்டு மாதத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள். நான் தேய்க்கத் தேய்க்க அவள் அலம்பினாள். பிறகு குழாயை மூடிவிட்டு, "நானே வந்து உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேனுங்க அத்தை. பன்னெண்டு வாரம் முடியற ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எந்தச் சேலை கட்டிட்டு வரணும்னுகூட எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குச் சொல்வதற்காக ஒரு பெண் சேலை எடுத்து வைத்திருந்தாள், நான் ஒரு தொட்டில் விளம்பரத்தில் அதைத் தெரிந்துகொண்டு ஊரெல்லாம் சொன்னேன். ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையதுதான், உன் புருஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, போகட்டும் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளிடம் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன். உனக்கு முன்னால் எனக்கு ஒன்று உண்டாகியிருந்ததடா கண்ணா. நாங்கள் புனேக்கு வந்த புதிது. என் அம்மாவுக்குச் சொல்ல ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதி, மூன்றாம் மாதம் முடிந்ததும் போடலாம் என்று கைப்பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது போய்விட்டது. அந்த லெட்டரைக் கிழித்துப் போட்டேன். அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை, உன் சித்திக்கு இன்றுவரை தெரியாது. பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். அதைப் பற்றி நானும் அப்பாவும்கூட அப்புறம் பேசிக்கொண்டதில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் நித்யா, பாவம் என்றோ, அப்படியா என்றோ சொல்லவில்லை. "பேர் ஏதாவது நினைச்சு வெச்சிருந்தீங்களா அத்தை?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. வைத்திருந்தேன். பெண் என்றே எனக்குள் முடிவு கட்டி ஒரு பெயர் வைத்திருந்தேன், அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் மீதிப் பாத்திரத்தைக் கழுவி முடித்தோம்.

உனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தால் நித்யாவிடம் கேள். சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

அம்மா